பொறுங்க அண்ணியும் வியாழக்கிழமை விமானமும்

என் அண்ணன் மனைவிக்கு எங்கள் குடும்பத்தில் 'பொறுங்க அண்ணி' என்று பெயர். வைத்தவன் நான். ரொம்ப நாள் அதை அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே போனில் யாரிடமோ, "நான்தாங்க, பொறுங்க அண்ணி பேசறேன்" என்று சொல்வது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஒளித்துச் சொல்வதில் சுவாரஸ்யம் இல்லாமல் போய்விட்டது.

அண்ணிக்கு ஒரு விமான நிறுவனத்தில் டிக்கெட் விலை போடும் பிரிவில் வேலை. விமான நிறுவனம் என்றதும் சாயம் பூசிய உதடு, சக்கரம் வைத்த பெட்டி, டக்டக் என்று நடை என்றெல்லாம் கற்பனை செய்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். சரக்கு ஆபீசுக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு விமானமும் தெரியாது. லாரிகள் நிறுத்துமிடம்தான் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் ஏசியைக் கடும் குளிரில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தொலைத்துவிட்டதால், ஊரே வெயிலில் வறுபடுகிற நாளிலும் அண்ணி கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

வேலை என்னவென்றால், திறப்பதும் சாத்துவதும். விமானத்தின் பின்பகுதி சீட்டுகள் எல்லாம் ஒரே துணி, ஒரே பஞ்சு, முட்டி இடிக்கிற ஒரே இடைவெளி. ஆனால் அவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு விலைகள். அடிமட்ட விலைக்கு இத்தனை சீட்டு, அதற்கு மேல்விலைக்கு இத்தனை என்று அண்ணி பங்கு பிரித்து வைப்பார். ஒரு விமானம் மந்தமாக விற்றால் கீழ்விலையைத் திறந்து விடுவார். சூடாக விற்றால் கீழ்விலையைச் சாத்திவிடுவார். யார் வாங்குகிறார்கள் என்பது அவர் திரையில் தெரியாது. எத்தனை என்பது மட்டும்தான் தெரியும்.

நாள் முழுக்க இதைச் செய்கிறவர், வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரோடு சேர்த்து இதையும் கழற்றி வைத்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? எங்கள் வீட்டில் யாரும் எதையும் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. "பொறுங்க, இறங்கும்" என்பார். பழைய ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்கியபோதும் அப்படித்தான். அண்ணி பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம். ஃப்ரிட்ஜ் பொறுக்கவில்லை, உயிரை விட்டது. தினமும் பால் திரிந்தது. பாதி நாள் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். கடைசியில் விலை இறங்கத்தான் செய்தது. அண்ணி புது ஃப்ரிட்ஜைத் தடவிக்கொண்டே, "பார்த்தீங்களா?" என்றார். கடைச் சாப்பாட்டுக்குப் போன காசைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கடல் தாண்டி வேறு ஊரில் பிசியோதெரபிஸ்ட். நான் பல் செட்டு செய்கிறவன்; நாளெல்லாம் குனிந்தே இருப்பதால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவள் பயிற்சிக்காக எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது என் கழுத்தைப் பார்த்தாள். கழுத்து சரியாகிவிட்டது, நான்தான் சரியாகவில்லை. சனிக்கிழமை அவள் ஊரில் பதிவுத் திருமணம், அதற்குப் பிறகு மதிய விருந்து என்று ஏற்பாடு. அதற்கு வியாழக்கிழமை விமானத்தில் போனால் சௌகரியம். அந்த விமானத்துக்கு விலை போடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணியேதான்.

டிக்கெட் பேச்சு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். அம்மா இருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள், யார் சட்டை மடித்தாலும் பிரித்துப்போட்டுத் திரும்ப மடிக்கிறவள். லிஃப்ட் பழுது பார்க்கிற என் அண்ணன் இருந்தான். மாடி வீட்டிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் இரண்டு பெண்களோடு இறங்கி வந்திருந்தார்கள். சித்தப்பா எடையளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, குறைந்தால் சீல் வைத்தவர். இப்போது சீல் கையில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

"யாரும் இப்ப டிக்கெட் வாங்கிடாதீங்க," என்றார் அண்ணி. "அந்த ஃப்ளைட் எப்பவும் பாதிதான் நிறையும். கொஞ்ச நாள்ல கீழ் விலையைத் திறக்க வேண்டி வரும். நானே சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க."

"திறக்கப்போறது யாரும்மா?" என்று கேட்டார் சித்தப்பா.

"நான்தான் மாமா."

"அப்ப இப்பவே திறந்துவிடேன். கைல சாவிய வெச்சிட்டு எதுக்குப் பொறுக்கணும்?"

"வீட்டாளுங்களுக்காகத் திறந்தா என் வேலைக்கு சீல் வெச்சிடுவாங்க மாமா."

சீல் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. ஒரே சீட்டு, ஒரே தண்ணி, ஒரே நேரத்துல போய் இறங்கறோம். ஒருத்தனுக்கு ஒரு விலை, பக்கத்துல இருக்கறவனுக்கு வேற விலை. இதை ஒரு மளிகைக் கடைக்காரன் செஞ்சா நான் சும்மா விட்டிருப்பேனா?"

அண்ணி பொறுமையாகச் சொன்னார். லீவுக்கு ஊர் சுற்றப் போகிறவர் மாதக்கணக்கில் முன்னாலேயே திட்டம் போடுவார். விலை கூடினால் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவருக்கு மலிவாகக் கொடுத்தால்தான் சீட்டு நிறையும். நாளைக்கே போயாக வேண்டிய வியாபாரி விலை கேட்க மாட்டார், சீட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார். எல்லாச் சீட்டையும் முன்னால் வந்தவருக்கே மலிவாக விற்றுத் தீர்த்துவிட்டால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றையும் விலையேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாலோ பாதி விமானம் காலியாகப் பறக்கும். பறந்துபோன காலிச் சீட்டை மறுநாள் விற்க முடியுமா?

"சரி, அந்த முன் சீட்டு?" என்று சித்தப்பா விடவில்லை. "நடுவுல ஒரு திரைய மாட்டிட்டு, அந்தப் பக்கம் நாலு மடங்கு வாங்கறீங்களே?"

"பெரிய ஃப்ளைட்ல சீட்டே வேற மாமா, படுக்கையாட்டம் நீட்டிக்கலாம். சின்ன ஃப்ளைட் சிலதுல மட்டும் இதே சீட்டுதான். நடு சீட்டைக் காலியா விட்டுட்டுத் திரைய மாட்டிடுவாங்க. முன்னாடி நிறைய பேர் வாங்கினா திரைய ரெண்டு வரிசை பின்னாடி தள்ளுவாங்க."

"துணிய நகர்த்தினா விலை நகருதா!" என்று சித்தப்பா மேசையில் தட்டினார். தண்ணீர் டம்ளர் ஆடியது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு தராசை நான் பார்த்ததில்ல."

எல்லோரும் சிரித்தோம். யாரும் டிக்கெட் வாங்குவதில்லை என்று தலையாட்டினோம். என் தலையைத் தவிர மற்றத் தலைகள் எல்லாம் பொய்யாக ஆடின என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அண்ணனுடைய கதை தனி. அண்ணிக்கு ஆபீசில் ஊழியர் பாஸ் உண்டு, கணவனுக்கும் செல்லும். சீட்டு காலியாக இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். கல்யாணமான புதிதில் இருவரும் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு தேனிலவுக்குக் கிளம்பினார்கள். ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. அண்ணன் பெருந்தன்மையாக, "நீ போ, நான் அடுத்ததுல வரேன்" என்றான். மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறான். அண்ணி போய்விட்டார். அடுத்ததிலும் இடமில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. தேனிலவின் முதல் நாளை அண்ணன் ஏர்போர்ட் நாற்காலியில் தன்னந்தனியாகக் கொண்டாடினான்.

ஆகவே அவன் அந்த வாரமே லிஃப்ட் ஒன்றின் மேல் உட்கார்ந்தபடி போனில் காதும் காதும் வைத்தமாதிரி ஒரு டிக்கெட் வாங்கிவிட்டான். சித்தப்பா தன் குடும்பத்துக்கு நான்கு வாங்கினார். அது அவரோடு நிற்கவில்லை. சித்தி தன் அக்கா தங்கைகளுக்குப் போன் போட்டு, "அந்தப் பொண்ணு பொறு பொறுன்னு சொல்லிட்டே இருக்கும், நீங்க வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் கணவன், குழந்தை குட்டி எல்லோருக்குமாக ஒரு கூட்டமாய் வாங்கினார்கள். ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது. சித்தப்பா வாங்கியதுகூட சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் பிற்பாடு ஒவ்வொருவரிடமாகக் கறந்து தெரிந்துகொண்டேன்.

அண்ணி முகத்தில் அந்த வாரம் ஒரு தனிக் களை. மாலையில் வந்ததும் வராததுமாக, "அத்தை, நம்ம வியாழக்கிழமை ஃப்ளைட்டுக்கு உயிர் வந்துடுச்சு!" என்றார். "சும்மா தூங்கிட்டிருந்தது. நாலே நாள்ல சரசரன்னு போகுது. அந்த ஊர்ல ஏதோ பெரிய கண்காட்சியா இருக்கும்போல. நான் உடனே கீழ் விலையைச் சாத்திட்டேன்."

சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன், பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டான்.

"சாத்திட்டியா?" என்றாள் அம்மா.

"ரெண்டு விலை சாத்திட்டேன் அத்தை. இப்படியே போனா நாளைக்கு மூணாவதும் சாத்தணும்."

அம்மாவுக்கு, பெற்ற பிள்ளை கல்யாணத்துக்குப் போக முடியாமல் போய்விடுமோ என்ற பயம். மறுநாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் இருந்த டிக்கெட் கடைக்குப் போய், தன் பென்ஷன் பணத்திலிருந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குள் மூன்றாவது விலையும் சாத்தியாகிவிட்டது. கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகவும், தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகே பணம் கொடுத்ததாகவும் பிறகு அவர் என்னிடம் சொன்னார். வீட்டுக்குக் காய்கறி இல்லாமல் வந்தாள். "நல்லதா இல்ல" என்றாள்.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். யார் பெட்டியில் எதைக் கொண்டுபோவது என்று பேச எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தோம். அண்ணி பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அண்ணன் போன் 'டிங்' என்றது. அடுத்த நொடி சித்தப்பாவின் போன் விசில் அடித்தது. சித்தியின் போன் அதிர்ந்து மேசையில் நகர்ந்தது. இரண்டு பெண்களின் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுத்தன. கடைசியாக, அம்மாவின் கைப்பைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது.

பழக்கத்தி நின்றது. கூடத்தில் சத்தம் போடாத போன்கள் என்னுடையதும் அண்ணியுடையதும்தான்.

"எடுத்துப் பாருங்களேன்," என்றார் அண்ணி.

"லிஃப்ட் கம்பெனி மெசேஜ்," என்றான் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமைலயா?"

"லிஃப்ட்டுக்கு ஏது ஞாயித்துக்கிழமை?"

அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "கேஸ் கம்பெனியா இருக்கும்" என்றாள்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை ஃப்ளைட் இருபது நிமிஷம் தள்ளிப் போயிருக்குன்னு வந்திருக்கும்."

"ஆமா அண்ணி! உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்தாள் சித்தப்பாவின் சின்னப் பெண். பாவம், அவளுக்கு யாரும் எதையும் மறைக்கச் சொல்லியிருக்கவில்லை.

அண்ணி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் அவர் முகம் சிவந்தது. கோபம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். "அப்ப அந்தக் கண்காட்சி..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என் மாமியார் வீட்டுக்காரங்க வாங்க வாங்க நான் விலைய ஏத்திட்டே இருந்திருக்கேன்! ஆபீஸ்ல எங்க மேனேஜர் கை குடுத்தார் தெரியுமா, நல்லா மோப்பம் புடிச்சேன்னு!"

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்களுமா?"

"தேனிலவு," என்றான் அண்ணன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். அண்ணி கத்தியை எடுத்து மறுபடி பழம் நறுக்கத் தொடங்கினார்.

ஆளாளுக்கு விலையை ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் வாங்கிய சித்தப்பாதான் ஆகக் குறைவு. விலை வித்தியாசம் அநியாயம் என்று மேசையைத் தட்டியவர், இப்போது மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க அத்தை?" என்று அண்ணி கேட்டபோது அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "சித்தப்பா வாங்கின விலைதான். கிட்டத்தட்ட" என்றாள். அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்குள் எவ்வளவு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து, குடும்பத்து வேகம் அடங்கி விமானம் மறுபடி மந்தமானதும், முறைப்படி கீழ்விலை ஒன்றைத் திறக்க வேண்டி வந்தது. திறந்து பொதுவில் வந்த பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு, "இப்ப வாங்கு" என்றார். வாங்கினேன். சீட்டு எண் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு கேட்டது. ஜன்னலா, ஓரமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி போனை வாங்கி அந்தப் பக்கத்தை மூடினார். "அதுக்கெல்லாம் காசு குடுக்காத. கடைசில ஏதாவது ஒண்ணு தானா வரும். மாப்பிள்ளைய விட்டுட்டா ஃப்ளைட் போயிடப் போகுது?"

அதே விலையைப் பார்த்துத் தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்கெல்லாம் மொத்தமாக வாங்கியது. அந்த ஊரில் நிஜமாகவே ஒரு கண்காட்சி இருந்தது.

வியாழக்கிழமை. ஏர்போர்ட்டில் எங்கள் கூட்டமே ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஊழியர் பாஸில் வந்த அண்ணியைத் தவிர எல்லோர் கையிலும் போர்டிங் பாஸ்; எல்லாவற்றிலும் சீட்டு எண். என்னுடையதில் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கேட்டில் தெரிவிக்கப்படும்' என்று அச்சாகியிருந்தது. அண்ணியிடம் காட்டினேன். அவர் முகம் ஒரு நொடி எப்படியோ ஆனது.

விஷயம் இதுதான். டிக்கெட் வாங்கியவர்களில் எப்போதும் சிலர் வர மாட்டார்கள். தூங்கிவிடுவார்கள், காய்ச்சலில் படுத்துவிடுவார்கள், மனம் மாறிவிடுவார்கள். அதனால் இருக்கிற சீட்டைவிடச் சிலவற்றை அதிகமாகவே விற்பார்கள். எத்தனை அதிகம் என்று தீர்மானிப்பதும் அண்ணி வேலைதான்.

கேட்டில் இருந்த பெண்ணுக்கு அண்ணியைத் தெரியும். மெல்லிய குரலில், "மேடம், ஆறு அதிகமா வித்திருக்கீங்க. வழக்கமா ஆறு பேர் வர மாட்டாங்க. இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.

"கடைசி நேரத்துல யாராவது குறைவாங்க, பாருங்க," என்றார் அண்ணி. ஆனால் குரலில் தெம்பில்லை. அவர் பார்வை எங்கள் கூட்டத்தின் பக்கம் போனது. கல்யாணத்துக்குப் போகிறவர்களில் யார் வராமல் இருப்பார்கள்? மணிக்கணக்கு முன்னாலேயே வந்து பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

யாராவது நாளை போகச் சம்மதித்தால் ஹோட்டல் அறையும் ஈட்டுத்தொகையும் தருவதாக மைக்கில் அறிவித்தார்கள். மோட்டார் கம்பெனிக்காரர்களில் ஐந்து பேர் ஓடி வந்து பெயர் கொடுத்தார்கள். ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. ஆறாவது ஆள் யார் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்திருந்தது. குறைந்த விலையில் வாங்கியவன், சீட்டு தேர்ந்தெடுக்காதவன். எங்கள் குடும்பத்தில் அண்ணி பேச்சைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். உட்கார இடமில்லாமல் நின்றவனும் நான் ஒருத்தன்தான்.

"அண்ணி, நான் மாப்பிள்ளை," என்றேன். வேறு என்ன சொல்வது?

"தெரியும்டா, பொறு," என்றார். அந்தச் சொல் வாயைவிட்டு வந்ததும் அவரே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கேட் பெண் திரையைப் பார்த்தாள். "முன்னாடி பிசினஸ்ல ஒண்ணு காலி இருக்கு மேடம். பின்னாடியிருந்து ஒருத்தரை அங்க தூக்கிட்டா, அந்த சீட்டுல இவரைப் போடலாம். யாரைத் தூக்கட்டும்?"

அண்ணி தன் கணவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். என்னையே அங்கே போடச் சொல்லியிருக்கலாம். யோசிக்காமல், "வழக்கப்படிதான். பின்னாடி யாரு அதிகமா குடுத்திருக்காங்களோ, அவங்க" என்றார்.

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அண்ணி குனிந்து பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அங்கே அம்மாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் கொடுத்த விலையும் இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன். 'கிட்டத்தட்ட' என்பது எவ்வளவு பெரிய சொல் என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணி என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். யாரிடமும் மூச்சு விடாதே என்று அர்த்தம்.

அம்மா வரிசையில் வந்து பாஸை நீட்டினாள். இயந்திரம் சிவப்பாக எரிந்து கீச்சென்று கத்தியது. அம்மா ஓரடி பின்வாங்கினாள். "நான் என்ன பண்ணேன்? காசு குடுத்துதான் வாங்கியிருக்கேன்! கடைக்காரரைக் கேளுங்க!"

"அத்தை, ஒண்ணுமில்ல," என்று அண்ணி அவள் தோளைப் பிடித்தார். "பயணிங்க பேரை எல்லாம் போட்டுக் குலுக்கினாங்க. உங்க பேரு விழுந்திருக்கு. உங்களை முன் சீட்டுல உக்கார வெக்கறாங்க."

"குலுக்கலா? எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தைக் குறிப்பாகப் பார்த்தாள். "எனக்கு எப்பவுமே ராசி உண்டு" என்று சொல்லிவிட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பின்னால் எங்கோ கழிவறைப் பக்கம் அம்மா விட்டுப்போன சீட்டில் நான் உட்கார்ந்தேன்.

அண்ணிக்கு இடமில்லை. ஊழியர் பாஸ் அல்லவா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்வெட்டரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்று எங்களுக்குக் கையாட்டினார். அண்ணன் உள்ளே வந்து என் முன் வரிசையில் உட்கார்ந்தான். பிறகு திரும்பிப் பார்த்து, "நான் அவ கூடவே நின்னிருக்கணும், இல்ல?" என்றான்.

"நீங்க போங்கன்னு அண்ணி சொன்னாங்களா?"

"சொன்னா. நானும் வந்துட்டேன்," என்றான்.

மறுநாள் மாலைதான் அண்ணி வந்து சேர்ந்தார். கடைசி வரிசை, நடு சீட்டு, இரண்டு பக்கமும் மோட்டார் கம்பெனிக்காரர்கள். கால் வீங்கியிருந்தது. நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டின் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பிடித்துக்கொண்டாள். முன் சீட்டு எப்படி நீண்டது, எப்படிப் படுத்தது, எத்தனை தரம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள் என்று ஆதியோடந்தமாகச் சொன்னாள். "ஆனா அந்தப் போர்வைய வெந்நீர்ல அலசல. நான் தொட்ட உடனே கண்டுபுடிச்சிட்டேன். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு சொல்லிட்டும் வந்தேன்."

"நல்லது அத்தை," என்றார் அண்ணி.

அம்மா உள்ளே போய், விமானத்தில் கொடுத்த சின்னப் பையை எடுத்து வந்தாள். அதில் ஒரு சீப்பு, கண்ணை மூடுகிற துணி, குட்டி பாட்டிலில் ஏதோ கிரீம், ஒரு ஜோடி காலுறை. எதையும் பிரிக்காமல் வைத்திருந்தாள். காலுறையை மட்டும் எடுத்து அண்ணி மடியில் போட்டாள். "போட்டுக்க. உங்க ஆபீஸ்லதான் எப்பவும் கால் ஜில்லுன்னு இருக்கும்னு சொல்லுவியே." அப்புறம் அண்ணியின் வீங்கின காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், அவள் போட்டாள், யாரோ கை தட்டினார்கள். விருந்தில் சித்தப்பா மேசை மேசையாகப் போய், பெண் வீட்டாரிடம் தான் எந்த விலைக்கு வந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அது ஒரு கணக்குங்க. எப்ப வாங்கணும்னு தெரியணும்" என்று அவர் விளக்கியதை அண்ணி இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணி அந்த வியாழக்கிழமை விமானத்துக்கு அதிகமாக விற்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். மேனேஜர் காரணம் கேட்டாராம். "அந்த ரூட்ல போறவங்க பொறுப்பானவங்க சார், கண்டிப்பா வந்துடறாங்க" என்றாராம்.

வீட்டில் ஏற்பட்ட மாற்றம் வேறு. அம்மாவுக்கு அண்ணியின் வேலையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. மாலையில் அண்ணி வந்து உட்கார்ந்ததும், மடித்துக்கொண்டிருக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே விசாரிப்பாள். நேற்றுகூடக் கேட்டாள்:

"அந்தத் தீவுக்குப் போற காலை ஃப்ளைட் என்னாச்சு?"

"இன்னும் நாப்பது சீட்டு காலி அத்தை."

"நாப்பதா? விலைய இறக்கிப் பார்த்தியா?"

"இறக்கிட்டேன். யாரும் வரல."

அம்மா கையிலிருந்த துண்டை மடியில் வைத்தாள். விருந்துக்கு அழைத்த வீட்டில் பாதிப்பேர் வராமல் போனதுபோல அவள் முகம் வாடியது.

"ஐயோ பாவம்," என்றாள். "அவ்வளவு தூரம் காலியாவா போகும்?"